வீட்டில் இருப்பது பட்டன் போன்தான்: நுரையீரல் பயிற்சியை வீட்டிலிருந்தே செய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு 66 வயது, மண்டூர்ப் பக்கம். நெல் ஆலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். பீடியும் இருந்தது, இப்போது விட்டுவிட்டார். சிஓபிடி, அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பிசியோதெரபிக்குக் கிழமைக்கு இரண்டு தரம், எட்டுக் கிழமைக்கு வரச் சொல்கிறார்கள். பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போய்வந்தால் அடுத்த நாள் முழுக்கப் படுத்துவிடுகிறார். வீட்டில் அம்மாவிடம் பட்டன் போன் இருக்கிறது. ஸ்மார்ட் போன் தம்பியிடம், அவர் பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பட்டன் போனே போதும். ஆனால் மூன்று காரியம் நடந்திருக்க வேண்டும். முதல் பரிசோதனை ஆளை நேரில் பார்த்து நடந்திருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம், இந்தப் பயிற்சி தெரிந்த ஒருவர் சொன்ன நேரத்துக்கு அழைத்துப் பேச வேண்டும். எப்போது நிறுத்துவது, எப்போது 1990 அம்புலன்சை அழைப்பது என்பது எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் எவ்வளவு விலையுள்ள போன் இருந்தும் பெரிய பயனில்லை.

இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 166 சிஓபிடி நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் வைத்தியசாலைக்கு வந்து பயிற்சி செய்தார்கள். மற்றப் பகுதியினரின் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு தரம் போனார். அதன் பிறகு கிழமைக்கு ஒன்றாக ஏழு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். வீடியோவும் இல்லை, செயலியும் இல்லை. எட்டுக் கிழமை முடிய, நடக்கும் தூரத்தில் வீட்டில் செய்தவர்கள் வைத்தியசாலைக்குப் போனவர்களுக்குக் குறைந்துவிடவில்லை. பயிற்சியில் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர்கள் வீட்டில் 91 சதவீதம், வைத்தியசாலையில் 49 சதவீதம். 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் நிறுவனம் 15 ஆய்வுகளை, 1904 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் தூரத்திலிருந்து நடத்தும் பயிற்சி நேரில் நடத்துவதற்கு ஏறத்தாழ ஒத்த பலனையே தந்தது. ஆகவே "வீட்டில் செய்வது இரண்டாந்தரம்" என்று அப்பாவிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நுரையீரல் ஆறாதே, பிறகு பயிற்சி எதற்கு?

பலர் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. சிஓபிடியில் பழுதான காற்றுப்பையைப் பயிற்சி திருத்தாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி அளவு எட்டுக் கிழமைக்குப் பிறகும் அநேகமாக அப்படியேதான் இருக்கும். மாறுவது தொடைத் தசை. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் உட்காரத் தொடங்குகிறார். உட்கார உட்காரத் தொடை மெலிகிறது. மெலிந்த தசை சின்ன வேலைக்கே சீக்கிரம் லக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. அந்த அமிலத்தால் கூடும் காபனீரொட்சைட்டை வெளியேற்ற உடல் இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறது. சிஓபிடிக்காரருக்கு வேகமாக மூச்சு விட்டால் உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர நேரம் கிடைக்காது, நெஞ்சு ஊதிப்போய் நிற்கும், அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் களைத்துப்போவது இதனால்தான். தசையைத் திரும்பக் கட்டினால் அதே கிணற்றடிக்குக் குறைந்த மூச்சோடு போகலாம். குளிசையோ மூச்சு மருந்துப் பம்போ இந்த வேலையைச் செய்யாது.

யார் வீட்டில் தொடங்கக்கூடாது

அண்மையில் மாரடைப்பு வந்தவர், நடக்கும்போது நெஞ்சு நோகிறவர், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர், அடிக்கடி விழுகிறவர், இரத்தம் கலந்த சளி துப்புகிறவர் ஆகியோருக்கு முதலில் அதைப் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, நிறை குறைதல் இருந்தால் பயிற்சிப் பேச்சை ஒத்திவைத்து மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளி பரிசோதிக்க வேண்டும். சிஓபிடி என்று பெயர் வைத்துவிட்ட பிறகு காசநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. நடக்கும் பரிசோதனையில் இரத்தத்தில் ஒட்சிசன் வெகுவாக இறங்குகிறவர்களுக்கும் தொடக்கத்தில் நேரில் பார்த்துச் செய்வதே நல்லது.

முதல் நாள்: இந்த ஒரு பயணத்தைத் தவிர்க்க வேண்டாம்

கிளினிக் கொப்பி, பாவிக்கும் எல்லா இன்ஹேலர்களும், வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது சப்பாத்து, பிறகு அந்த பட்டன் போன், எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். போன் யார் கையில் இருக்குமோ அவரும், உங்கள் விடயத்தில் அம்மா, கூடப் போக வேண்டும்.

அங்கே ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்வார்கள். 30 மீற்றர் நீளமான நேர் நடைபாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது. அந்த எண்ணை மீற்றரில் எழுதி வாங்குங்கள். வீட்டுப் பயிற்சியின் கணக்கு முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. அதோடு ஒரு நிமிடத்தில் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழுந்து இருக்கிறார் என்றும் எண்ணச் சொல்லுங்கள். இதை வீட்டிலும் திரும்பச் செய்து ஒப்பிடலாம். 30 மீற்றர் நடைப் பரிசோதனையைச் சின்ன முற்றத்தில் செய்து ஒப்பிட முடியாது, திரும்பல் கூடினால் தூரம் குறைந்துவிடும்.

இன்ஹேலரை எப்படி எடுக்கிறார் என்று அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். தூள் கப்சூல் கொடுத்திருந்தால் அதைக் கருவியில் போட்டு உறிஞ்சாமல் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. பம்ப் என்றால் அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் வராது. பம்பின் வாயில் பொருத்தும் ஸ்பேஸர் என்ற குழாயைப் போட்டால் அந்தச் சிக்கல் தீரும். மருந்து உள்ளே போகாதவருக்குப் பயிற்சி கொடுத்தால் பயிற்சிதான் பழி சுமக்கும்.

அன்றைக்கு போன் பற்றியும் பேசி முடிக்க வேண்டும். "போன் இருக்கிறதா" என்று கேட்டு "ஓம்" என்று எழுதிக்கொள்வதோடு நிறைய இடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு கேள்வியால் ஒன்றும் தெரியாது. போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, வீட்டுக்குள் சிக்னல் இருக்கிறதா அல்லது வளவில் ஒரு மூலையில் மட்டும்தானா, நோயாளிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா, கண் தெரிகிறதா, போனில் பேசினால் காது கேட்கிறதா, ரீலோட் எப்படி, யார் போடுகிறார்? இத்தனையும் கேட்டால்தான் எந்த வழி பொருந்தும் என்று சொல்லலாம்.

எந்த போனுக்கு எந்த வழி

பட்டன் போன் மட்டும் உள்ள வீட்டுக்குப் பேச்சு அழைப்பும் ஒரு தாள் அட்டையும். வைத்தியசாலையிலிருந்து வரும் அழைப்புக்கு உங்களுக்குச் செலவு இல்லை. நீங்கள் பேச வேண்டுமென்றால் ஒரு மிஸ்ட் கோல், அவர்கள் திருப்பி எடுப்பார்கள் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் எண்ணைப் பெயரோடு பதிந்து வையுங்கள். தெரியாத எண் என்று அம்மா எடுக்காமல் விடுவதால்தான் பாதி அழைப்பு வீணாகிறது.

தம்பியின் போன் மாலையில் கிடைக்கிறது அல்லவா, அதுவும் பயன்படும். ஒவ்வொரு பயிற்சிக்கும் 30–40 செக்கன் வீடியோ ஒன்றை பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். வீடியோ பக்கவாட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும், முன்னால் நின்று எடுத்தால் முதுகு வளைவதும் முழங்கால் முன்னால் போவதும் தெரியாது. நம் ஊர்ப் பேச்சில் "இப்ப எழும்புங்க, ஊதிக்கொண்டே எழும்புங்க" என்று குரலோடு இருந்தால் வாசிக்கத் தெரியாதவருக்கும் போதும். ஒரு தரம் இறக்கி வைத்தால் பிறகு டேட்டா தேவையில்லை. அந்த வட்ஸ்அப் உரையாடலில் செய்திகள் தானாக அழியும் ஏற்பாடு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று தம்பி பார்க்க வேண்டும்.

நேரடி வீடியோவுக்குக் கணக்குப் பார்ப்போம். வட்ஸ்அப் வீடியோ அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி போகும். அரை மணி நேரம், கிழமைக்கு மூன்று, எட்டுக் கிழமை என்றால் 720 நிமிடம், 3.6 ஜிபி. நாளுக்கு நாள் சில்லறையாக ரீலோட் போடுகிற வீட்டுக்கு இது பெரிய தொகை. வட்ஸ்அப் அமைப்பில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா எடுக்கும் தெரிவு ஒன்று உண்டு, அதைப் போட்டால் படம் கொஞ்சம் மங்கினாலும் செலவு குறையும். என் கருத்தில் முதல் இரண்டு கிழமையில் இரண்டு மூன்று வீடியோ அழைப்புப் போதும், நிற்கும் விதத்தையும் மூச்சு விடும் விதத்தையும் பார்த்துத் திருத்துவதற்கு. மிச்சத்துக்குச் சாதாரண அழைப்பு. கட்டாரிலோ சவூதியிலோ பிள்ளை இருக்கிற வீட்டில் வயதானவர்களுக்கு வட்ஸ்அப்பைவிட இமோ கைப்பழக்கமாக இருக்கும். அப்படியானால் இமோவிலேயே பேசட்டும். புதுச் செயலி ஒன்றைக் கற்பிக்கும் நேரத்தில் ஒரு கிழமைப் பயிற்சி போய்விடும்.

வீடியோ பேசும்போது போனைக் கையில் பிடிக்க வேண்டாம். தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, குறுக்காக, இரண்டு இரண்டரை மீற்றர் தள்ளி வையுங்கள். தலையும் காலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார், உதட்டின் நிறம் தெரியாது. தகரக் கூரைக்குள் சிக்னல் அறுந்தால் விறாந்தைக்கு வாருங்கள். படம் அறுந்தாலும் பயிற்சியை நிறுத்த வேண்டாம், பேச்சு அழைப்புக்கு மாறுங்கள்.

வளவுக்குள் நடை

படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரையில்) யானை வரும் ஊர்களில் விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும் றோட்டில் நடக்கச் சொல்லவே கூடாது. வளவு போதும். சமதரையில் 10 மீற்றர் அளந்து இரு முனையிலும் ஒரு தடி நட்டு, நடுவில் ஒரு கதிரை வையுங்கள். களைத்தால் ஐந்து மீற்றருக்குள் இருக்க இடம் இருக்கும்.

வேகக் கணக்கு இப்படி. ஆறு நிமிடத்தில் அப்பா 300 மீற்றர் நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 50 மீற்றர். அதில் 80 சதவீதம், நிமிடத்துக்கு 40 மீற்றர், பயிற்சி வேகம். 10 நிமிடத்துக்கு 400 மீற்றர். தடத்தில் ஒரு போய்வரல் 20 மீற்றர், ஆகவே 20 போய்வரல். ஆனால் 10 மீற்றர் தடத்தில் அடிக்கடி திரும்ப வேண்டும், திரும்பலும் உழைப்புத்தான். அதனால் முதல் கிழமை 16 அல்லது 17 போதும்.

எண்ணுவதற்கு இரண்டு பேணி, 20 புளியங்கொட்டை. ஒவ்வொரு போய்வரலுக்கும் ஒரு கொட்டையை ஒரு பேணியிலிருந்து மற்றதற்குப் போடுவது. மனதால் எண்ணினால் மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை தவறும். கொட்டை தவறாது, அம்மாவும் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். முடிந்தவுடன் மற்றப் பேணிக்குப் போன கொட்டையை எண்ணி அட்டையில் எழுதுங்கள்.

முதல் கிழமை மொத்தம் 10 நிமிடம். இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் இருந்தும் செய்யலாம், இருந்த நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கிழமைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் ஏழாம் எட்டாம் கிழமையில் 30 நிமிடம் வரும். கிழமைக்கு ஐந்து நாள் நல்லது, மூன்றுக்குக் குறையக்கூடாது.

கடுமை சரியா என்பதை நாடித்துடிப்பால் பார்க்க வேண்டாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ எடுக்கும் சில குளிசைகள் நாடியை ஏறவிடாது, எண் ஏமாற்றும். மூச்சையே பாருங்கள். 0 என்றால் ஒன்றும் இல்லை, 10 என்றால் இதற்கு மேல் முடியாது. 3 முதல் 4 வரை இருக்க வேண்டும்: மூச்சு வாங்குகிறது, ஆனால் ஒரு வசனத்தை முடிக்க முடிகிறது. வசனம் நடுவில் முறிந்தால் வேகத்தைக் குறையுங்கள். பாட்டுப் படிக்க முடிகிறது என்றால் அந்த வேகம் காணாது.

எழுந்து இருத்தலும் கைப் பயிற்சியும்

கிழமைக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். முதுகு உயர்ந்த கதிரை, இருக்கை 45 சென்ரிமீற்றர் அளவு உயரம். பிளாஸ்ரிக் கதிரை சீமெந்துத் தரையில் பின்னால் வழுக்கும், சுவரோடு ஒட்டி வையுங்கள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்து, இருந்து, 8 முதல் 12 தரம். இரண்டு நிமிட ஓய்வு. திரும்ப ஒரு சுற்று, முடிந்தால் மூன்றாவது. 12 இலகுவாகிவிட்டால் மெதுவாக இருக்கச் சொல்லுங்கள், மூன்று எண்ணி இறங்குவது. அல்லது மடியில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். அது ஒரு கிலோ.

கைக்கு அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு, தோள் மட்டம் வரை தூக்கி இறக்குவது. கொடியில் உடுப்புப் போடும்போதும் தலை வாரும்போதும் மூச்சு வாங்குவதற்குக் காரணம், கை உயர்ந்தவுடன் தோள் தசை மூச்சுக்கு உதவுவதை விட்டுக் கையைத் தாங்கப் போய்விடுவது. அதனால் இந்தப் பயிற்சியைச் சும்மா என்று விட வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஒரே விதி: சிரமப்படும் நேரத்தில் ஊதுவது. எழும்பும்போது ஊது, இருக்கும்போது இழு. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணி ஊதி விடுவது. பலமாக ஊதக்கூடாது, மெழுகுதிரிச் சுடர் ஆடவேண்டும், அணையக்கூடாது. அந்த அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை, பேச்சு அழைப்பில்கூட அது காதுக்குத் தெரியும். மூச்சு முட்டினால் இருந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி ஊதுவது. படுக்கவிட வேண்டாம்.

வைத்தியர் சொல்லியிருந்தால், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் பம்பைத் தொடங்க 10–15 நிமிடம் முன் எடுக்கலாம். நீரிழிவும் இருந்தால் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம், செருப்பில்லாமலும் நடக்க வேண்டாம்.

விரலில் மாட்டும் கருவி

இரத்த ஒட்சிசனைக் காட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இலேசான, நடுத்தர நோயில், முதல் பரிசோதனையில் ஒட்சிசன் இறங்காதவருக்குப் பயிற்சி நடக்கும். இருந்தால் சரியாகப் பாருங்கள். ஓய்வு நேர எண்ணுக்கு, இரண்டு நிமிடம் இருந்த பிறகு, கையை மடியில் வைத்து, விரலை முழுதாக உள்ளே விட்டு, எண் அசையாமல் நிற்கும் வரை அரை நிமிடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். மாட்டியவுடன் காட்டும் எண்ணை எழுத வேண்டாம். நடந்துகொண்டே பார்த்தால் விரல் ஆடிப் பொய் எண் வரும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகச்சாயமோ மருதோன்றியோ போட்ட விரலைத் தவிருங்கள். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும், ஆகவே எண் நன்றாக இருந்தும் ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

எழுந்து இருக்கும் பயிற்சியில் ஒட்சிசன் ஆகக் குறைவது பெரும்பாலும் நிறுத்திய பிறகு வரும் ஒரு நிமிடத்தில்தான். முடிந்தவுடன் கருவியைக் கழற்றிவிட்டால் அது தெரியாமலே போகும். எந்த எண்ணுக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்பதை அப்பாவின் வைத்தியர் எழுதித் தர வேண்டும். வீட்டுப் பயிற்சிக்குப் பொதுவாக 88 சதவீதத்தை எல்லையாக வைப்பது வழக்கம். சிஓபிடிக்காரர் பலருக்குச் சும்மா இருக்கும்போதே 91, 92தான் இருக்கும். அடுத்த வீட்டுக்காரருக்கு 98 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கிழமை அழைப்பில் என்ன நடக்க வேண்டும்

தம்பியோ அம்மாவோ வீட்டில் இருக்கும் நேரம், ஒரே கிழமை நாள், ஒரே மணி. 10–15 நிமிடம் போதும். இங்கே அடிக்கடி நடப்பது இதுதான்: போனை எடுத்த மகள் "அப்பா நல்லா இருக்கார்" என்பார், கொடுத்தால் அப்பாவும் "நல்லா இருக்கன் மிஸ்" என்பார், அழைப்பு முடிந்துவிடும். மரியாதைக்குச் சொல்லும் பதிலில் ஒரு தகவலும் இல்லை. அதனால் எண்ணாகக் கேட்க வேண்டும். நேற்று எத்தனை கொட்டை? எங்கே இருந்தீர்கள்? எழும்பி இருந்தது எத்தனை? இந்தக் கிழமை எந்த நாள் விட்டது, ஏன்? சளி கூடியதா, நிறம் மாறியதா? பம்ப் வழக்கத்தைவிடக் கூட அடித்தீர்களா? கால் வீங்கியதா? பிறகு, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிக் கேட்க வேண்டும். போன கிழமை 18 வரை போனவர் இன்று 10இல் நின்றால் "நல்லா இருக்கன்" என்பதை அப்படியே எடுக்கக்கூடாது.

அம்மாவோடும் தனியாகப் பேச வேண்டும். மூச்சு வாங்கினால் "போதும், இருங்க" என்று அவர் சொல்வது அன்பினால். ஆனால் கொஞ்சம் மூச்சு வாங்காமல் தசை வளராது. எது பயிற்சியின் மூச்சு, எது ஆபத்தின் மூச்சு என்று அவருக்குப் பிரித்துக் காட்டினால் அவரே பெரிய துணை. இருந்து ஐந்து நிமிடத்துக்குள் வழக்கத்துக்கு வந்தால் அது பயிற்சியின் மூச்சு.

சிம் மாறுவது, போன் அடகுக்கோ திருத்தவோ போவது, மாரியில் கரண்ட் இல்லாமல் சார்ஜ் இறங்குவது எல்லாம் எட்டுக் கிழமைக்குள் ஒரு தரமாவது வரும். இரண்டாவது எண் ஒன்று, அயலவருடையதாக இருந்தாலும், கோப்பில் இருக்க வேண்டும். இரண்டு கிழமை தொடர்ந்து பிடிக்க முடியாவிட்டால் அடுத்த கிளினிக் நாளில் நேரில் பிடிக்க வேண்டும்.

சுவரில் ஒட்ட வேண்டியது

உடனே நிறுத்து: நெஞ்சு நோவு, தலைச்சுற்று, கண் இருட்டல், நெஞ்சு படபடவென்று ஒழுங்கில்லாமல் அடித்தல், வைத்தியர் எழுதிய எண்ணுக்குக் கீழே ஒட்சிசன். 1990ஐ அழை: இருந்து, வைத்தியர் சொன்ன அளவு பம்ப் அடித்து, 10 நிமிடத்துக்குப் பிறகும் மூச்சு இறங்காவிட்டால். பத்து நிமிடம் பொறுக்காமல் உடனேயே அழைக்க வேண்டியது: இருந்த பிறகும் நெஞ்சு நோவு நிற்காவிட்டால், உதடு நீலித்தால், ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாவிட்டால், ஆள் மயங்கிக் குழம்பினால். எழுத்து பெரிதாக, அம்மா வாசிக்கும் அளவுக்கு. வீட்டுக்கு வரும் வழியைச் சொல்லத் தெரிந்த ஓர் அடையாளத்தையும் கோயில் அல்லது சந்திப் பெயரோடு கீழே எழுதுங்கள். பதற்றத்தில் அதுதான் வாயில் வராது.

சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, இளைப்பும் ஏறினால் அது நோய் கிளம்பிய நேரம். பயிற்சியை நிறுத்திப் பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள், களுவாஞ்சிகுடி உங்களுக்குக் கிட்ட. தெளிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம், பாதியிலிருந்து தொடங்குங்கள். வைத்தியசாலையில் படுத்து எழும்பினாலும் இரண்டு மூன்று கிழமைக்குள் திரும்பத் தொடங்குவதே நல்லது, இன்னும் பொறுத்தால் தசை இன்னும் போய்விடும்.

கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன் முடியுங்கள். நெல் சூடடிப்பு நாளிலும் வைக்கோல் எரிக்கும் நாளிலும் வீட்டுக்குள் கதிரைப் பயிற்சி மட்டும். மாரியில் விறாந்தையில் ஐந்து மீற்றர் இருந்தாலும் நடக்கலாம், கொட்டைக் கணக்கை இரட்டிப்பாக்கினால் சரி. அடுப்புப் புகை, நுளம்புத் திரி, சாம்பிராணி மூன்றையும் அவர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

பெண் நோயாளிகளும் தனியுரிமையும்

இதே கேள்வியைக் காத்தான்குடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ ஓர் உம்மாவுக்காகக் கேட்டால் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும், வீடியோவில் தோன்ற அவருக்கு மனமிருக்காது. அதைத் தடையாகப் பார்க்க வேண்டியதில்லை. பெண் பிசியோதெரபிஸ்ட் பேச்சு அழைப்பில் சொல்ல, மகள் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லலாம். அவரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லக்கூடாது, அனுப்பிய வீடியோ எந்தக் கைக்குப் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வைத்தியசாலைத் தரப்பில் இதை நடத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும். எல்லா நோயாளியையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், யாருக்கு என்ன வருத்தம் என்பதும் தெரியும். முன்பு காசநோய் வந்தவர் ஊரில் அதை மறைத்து வைத்திருப்பார். தனித்தனியாக அனுப்புங்கள், அல்லது ஒலிபரப்புப் பட்டியலாக அனுப்புங்கள். பின்னதற்கு நோயாளி உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தகவல் விசேட பாதுகாப்புக்குரிய வகை. பணியாளர் தன் சொந்த போனில் நோயாளியின் படங்களை வைத்திருப்பதை விட்டு, பிரிவுக்கென ஒரு போன், ஒரு சிம் வாங்கிக் கொடுப்பதுதான் முறை. பொத்துவிலில் இருக்கிற ஒருவரை 100 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வரவைப்பதோடு பார்த்தால் அந்தச் செலவு சிறிது.

எட்டுக் கிழமை முடிந்த பிறகு

திரும்ப நேரில் போய் அதே 30 மீற்றர் நடைபாதையில் ஆறு நிமிட நடை. முன்பு 300 நடந்தவர் 330 நடந்தால் அது உண்மையான முன்னேற்றம், 30 மீற்றர் என்பது ஆளுக்கே வித்தியாசம் தெரியும் அளவு. ஒரு நிமிட எழுந்து இருத்தலில் மூன்று கூடினாலும் அப்படியே. கூடாவிட்டால் முதலில் கொட்டை அட்டையைப் பாருங்கள். எண்ணிக்கை எட்டுக் கிழமையும் 17இலேயே நின்றிருந்தால் கூட்டச் சொல்ல ஆளில்லை என்று பொருள். கூடியிருந்தும் பலன் இல்லை என்றால் இன்ஹேலரையும், இரத்தச்சோகையையும், இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெல்பேர்ண் ஆய்வில் வீட்டில் செய்தவர்கள், வைத்தியசாலையில் செய்தவர்கள் இரு பகுதியினருக்குமே பன்னிரண்டாம் மாதத்தில் பலன் தங்கவில்லை. எட்டுக் கிழமை முடிந்தது என்று பேணியை எடுத்து வைத்துவிட வேண்டாம். நடை ஐந்து நாள், கதிரை இரண்டு நாள், அழைப்பு மாதத்துக்கு ஒன்று, ஒரு நிமிட எண்ணிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று தொடருங்கள். அடுத்த கிளினிக் நாளில் அட்டையைக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க அது வைத்தியருக்கு உதவும்.